கத்தரிக்கோலை கிஃப்ட்டா கொடுக்கலாமா?

உங்க செட்டில் ஒருத்தருக்கு வேலை கிடைத்துவிட்டது. இந்த முறை ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டர் இல்லை பாஸ்... 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலை! ட்ரீட் கேட்டு பிரியாணியும் சாப்பிட்டாச்சு. இப்போ ஹாஸ்டல் வராந்தாவில் அவசர மீட்டிங். சப்ஜெக்ட்: 'என்னடா கிஃப்ட் வாங்கறது?'

ஒருத்தன் டெடி பியர் என்பான். இன்னொருத்தி போட்டோ போட்ட காபி மக் என்பாள. கொஞ்சம் விவரமானவன் நெட்டில் தேடி, பல ஆம்புலன்ஸ்களில் நீலக் கலரில் வரைந்திருப்பார்களே ஆறு கை நட்சத்திரம், அது போட்ட கீ செயினை எடுத்துக் காட்டுவான். அதற்குப் பேர் 'ஸ்டார் ஆஃப் லைஃப்'. 1970-களில் அமெரிக்காவில் பிறந்த சின்னம். ஆறு கைக்கும் ஆறு வேலை: கண்டுபிடி, தகவல் சொல், விரைந்து போ, விழுந்த இடத்திலேயே முதலுதவி செய், வழியெல்லாம் கவனி, ஆஸ்பத்திரியில் ஒப்படை. இதில் கடைசி மூன்றும் நம்ம ஃப்ரெண்டின் தலையில்தான். அந்த மூன்றுக்கும் உதவுகிற மாதிரி ஏதாவது வாங்கினால், அது அலமாரியில் தூங்காது. கீ செயின் தூங்கும்.

இந்தக் கட்டுரைக்கு எனக்கு அத்தாரிட்டி, என் பெரியப்பா பொண்ணு. செஞ்சியிலிருந்து தேசூர் பக்கம் போனால் சீயமங்கலம் வரும். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிற ஊர். ஊர்க்காரர்களுக்கு அது தூணாண்டார் கோயில். அந்த ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய் பி.எஸ்சி. விலங்கியல் முடித்த அக்கா, இப்போது 108-ல் புது வரவு. "இன்னா வாங்கித் தரணும்னு என்னையே கேட்டுட்டு வாங்குங்கடா, வாங்கிட்டு வந்து கேக்காதீங்க" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார். கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். பாதி மொக்கை, மீதி தங்கம்!

யார் இவங்க?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் ஆரம்பித்தது. இன்றைக்கு 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்கு இரண்டே பேர். ஓட்டுகிறவர் 'பைலட்' (டிரைவர் என்று சொன்னால் கோபம் வராது, ஆனால் பைலட் என்றால் முகம் மலரும்). பின்னால் நோயாளியோடு உட்காருகிறவர் மருத்துவ உதவியாளர். ஆங்கிலச் சுருக்கத்தில் இ.எம்.டி. நர்சிங் படித்தவர்கள் மட்டும்தான் போகலாம் என்று நினைக்காதீர்கள். விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல், மைக்ரோபயாலஜி படித்தவர்களையும் எடுக்கிறார்கள். அதாவது, உங்க பக்கத்து டிபார்ட்மென்ட் ஆள். சுமார் 50 நாள் பயிற்சி. அப்புறம் 12 மணி நேர ஷிஃப்ட், பகலும் வரும் ராத்திரியும் வரும். சந்தேகம் என்றால் போனில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், ஓடுகிற வண்டியின் பின்பக்கம் வேலை செய்கிற கை, இரண்டே கைதான்.

இந்த 'இரண்டே கை' மேட்டரை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆக்ஸிஜன், ஸ்ட்ரெச்சர், பி.பி. பார்க்கும் கருவி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பிரசவ கிட் எல்லாம் வண்டியிலேயே இருக்கும். அதையே திரும்ப வாங்கித் தருவது கல்யாண வீட்டில் பதினோராவது சுவர்க்கடிகாரம் தருகிற கதை. வண்டி தராதது எது, சட்டைப் பையில் நிரந்தரமாக இருக்க வேண்டியது எது, அதைத்தான் தேடணும்.

முதல் மார்க் வாட்ச்சுக்கு!

'செல்போன்லயே டைம் தெரியுமே' என்பீர்கள். ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு கை கிளவுஸோடு காயத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போ செல்போனை எந்தக் கையால் எடுப்பீங்க?

நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். தாளம் தப்பித் துடித்தால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை நார்மல். மூச்சு 12 முதல் 20. இதில் ஒரு தில்லாலங்கடி வேலை இருக்கிறது. 'உங்க மூச்சை எண்ணப்போறேன்' என்று சொல்லிவிட்டால் ஆள் உஷாராகி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார்களாம். இதெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல, நம்ம ஊர் வைத்தியர்களும் இதைத்தான் செய்திருப்பார்களோ என்று தோன்றியது.

டிஜிட்டல் வாட்ச் வேண்டாம், முள் வாட்ச்தான் வேண்டும். ஏன்? டிஜிட்டலில் 47-ல் எண்ண ஆரம்பித்தால் 17-ல் நிறுத்த வேண்டும். நாடியையும் எண்ணிக்கொண்டு இந்தக் கணக்கையும் போட வேண்டும். எம்-3 பேப்பர் கிளியர் பண்ணியவனுக்கே தடுமாறும். முள் இருந்தால் அரை வட்டம், முடிஞ்சுது ஜோலி.

கடையில் இப்படி செக் பண்ணுங்கள். விநாடி முள் டயல் கலரிலிருந்து தனியாகத் தெரிகிறதா? வெள்ளை டயல், கறுப்பு முள் பெஸ்ட். உள்ளங்கையால் மூடி இருட்டாக்கிப் பாருங்கள். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் ஒளிரும், விநாடி முள் மட்டும் காணாமல் போகும், பல வாட்ச்சில் இதுதான் கதை. ஸ்ட்ராப் ரப்பர் மாதிரியான ரெசின் அல்லது சிலிகானாக இருக்கட்டும். தோல் ஸ்ட்ராப் ரத்தத்தையும் வாந்தியையும் குடித்துக்கொண்டு நாறும். மெட்டல் செயினில் இடுக்கு இடுக்காக அழுக்கு சேரும், நோயாளியின் தோலையும் கீறும். தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுகிற மாதிரி இருக்க வேண்டும். இத்தனை கண்டிஷனுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் முன்னப்பின்ன ஆகும். 'பிராண்டட்' பைத்தியம் பிடித்து ஐயாயிரத்துக்குப் போகாதீர்கள். விலையான வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவார்கள்.

வாட்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரசவ வலியில் ஏறுகிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால்? வண்டி ரோட்டோரமாக நிற்கும், குழந்தை வண்டியிலேயே பிறக்கும். பிறந்த நிமிஷத்தைக் குறிக்க வேண்டும். 1 நிமிஷத்தில் ஒரு முறை, 5 நிமிஷத்தில் ஒரு முறை குழந்தையின் துடிப்பு, மூச்சு, நிறம், அசைவு, சிணுங்கல் பார்த்து மார்க் போட வேண்டும். 1952-ல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த மார்க் ஷீட் அது. மொத்தம் 10 மார்க். இந்தப் பக்கம் அப்கார், அந்தப் பக்கம் கூட வந்த பாட்டி. "கரெக்டா எத்தினி மணிக்கும்மா பொறந்துச்சு? ஜாதகம் எழுதணும்!" டாக்டருக்கும் ஜோசியருக்கும் ஒரே வாட்ச்சில் பதில் சொல்லலாம். எந்த ஊரில் பிறந்தது என்பதுதான் குழப்பம். தேசூரா, செஞ்சியா, நடுவில் அந்தப் புளியமரமா?

சரி, தலைப்புக்கு வருவோம்

கத்தரிக்கோல், கத்தி, ஊசி பரிசா கொடுத்தால் உறவு வெட்டிப்போகும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்களே வழியும் சொல்லி வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்பவரிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டால் அது பரிசு இல்லை, வியாபாரம்! தோஷம் கேன்சல். ஆகவே, தாராளமாகக் கொடுக்கலாம். ஏனென்றால், இந்தத் தொழிலில் இதைவிட உபயோகமான இருநூறு, முந்நூறு ரூபாய் பொருள் இல்லை.

நான் சொல்வது தையல் கத்தரிக்கோல் இல்லை. சர்ஜிக்கல்ஸ் கடையில் 'டிராமா ஷியர்ஸ்' என்று கேளுங்கள். கைப்பிடிக்கும் வெட்டும் பகுதிக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கும். கீழ்ப்பக்க நுனி கூராக இல்லாமல் தட்டையாக, மொண்ணையாக இருக்கும். அந்த மொண்ணைதான் ஸ்பெஷல். துணிக்கும் தோலுக்கும் நடுவில் விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் தோலைக் குத்தாது. ஜீன்ஸ், லெதர் பெல்ட், ஹெல்மெட் வார், சீட் பெல்ட், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வெட்டும். பைக்கிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பில் அடியோ என்று சந்தேகம் இருந்தால், கையைத் தூக்கி சட்டையைக் கழற்ற முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும். கத்திக்குத்து கேஸ் என்றால் சட்டையில் இருக்கிற ஓட்டை வழியாக வெட்டக்கூடாது, ஓட்டையை விட்டுச் சுற்றி வெட்ட வேண்டுமாம். அந்த ஓட்டை போலீஸுக்கு சாட்சி!

ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். கேஷுவாலிட்டியில் நோயாளியை ஒப்படைக்கிற அவசரத்தில் ஒன்று அங்கேயே தங்கிவிடும். பேனா மாதிரிதான் இதுவும், இரவல் போனால் திரும்பாது. கைப்பிடி பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை என்றால் இருட்டிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். இங்கே இன்ஜினீயரிங் பசங்க நாம் எல்லோரும் 'எத்தனை லூமன்ஸ்?' என்று ஆரம்பித்துவிடுவோம். கண்ணில் அடிக்கிற பென் டார்ச்சுக்கு அது தேவையில்லை, மிதமான வெளிச்சம் போதும். கண்பாவை சுருங்குகிறதா, இரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பதுதான் வேலை. தலையில் அடிபட்டவருக்கு ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தால் ஆபத்து. பூச்சிமருந்து உள்ளே போனவருக்கு ஊசிமுனை மாதிரி சுருங்கிவிடும். பயிர் வைக்கிற ஊர்களில் இது அடிக்கடி தேவைப்படுகிற டெஸ்ட். சில பென் டார்ச்சின் பக்கவாட்டில் மில்லிமீட்டர் அளவோடு வட்டங்கள் அச்சடித்திருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள்.

லூமன்ஸ் ஆசையை நெற்றியில் மாட்டுகிற ஹெட் லேம்ப்பில் தீர்த்துக்கொள்ளலாம். ராத்திரி வரப்பு மேலே நடந்து போய் ஆளைத் தூக்கி வர வேண்டும் என்றால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டா போவது? மறுபடியும் அதே இரண்டு கை மேட்டர்தான். கூடவே பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு மார்க்கர் பேனா. செஞ்சி, தேசூர் பக்கம் பாறையும் புதரும் எவ்வளவு என்று போனவர்களுக்குத் தெரியும். பாம்பு கடித்து வீங்கினால், வீக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் மணியைத் தோலிலேயே எழுதிவிட்டால், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று டாக்டர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். (சைடில் ஒரு தகவல்: கடிபட்ட கை, காலில் இருக்கிற மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சினிமாவில் வருகிற மாதிரி கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது மூன்றும் கூடவே கூடாது.)

ஸ்டெதஸ்கோப்? நல்லதுதான். முந்தின ஷிஃப்ட் காதில் இருந்ததை நம் காதில் மாட்டிக்கொள்வதைவிட சொந்தமாக ஒன்று இருப்பது சுத்தம். ஆனால், நல்ல ஸ்டெத் பல ஆயிரம் ரூபாய். டூப்ளிகேட்டும் மார்க்கெட்டில் கொட்டிக்கிடக்கிறது. பத்துப் பேருக்கு மேல் காசு சேர்ந்தால் மட்டும், ஆளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காலும் வயிறும்

செஞ்சிக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சந்தோஷம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம், படி படியாக ஏற வேண்டும். உச்சி வெயிலில் பாதி வழியில் ஒருத்தர் சுருண்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் படியேறி வராது. ஆள்தான் ஏற வேண்டும், தூக்கிக்கொண்டு இறங்கவும் வேண்டும். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம், திருவண்ணாமலை பௌர்ணமிக் கூட்டம், மாதத்தில் இந்த இரண்டு நாளும் செஞ்சி ரோட்டில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊரும். அந்தக் கூட்டத்துக்குள்ளும் இறங்கி நடக்க வேண்டும்.

அதனால் ஷூ. ஈரத்தில் வழுக்காத அடிப்பாகம், விரலை மூடின முன்பக்கம், துடைத்தால் போகிற மேல்பக்கம். ஆனால், சர்ப்ரைஸாக வாங்காதீர்கள். சைஸ் 7 என்று எல்லோரும் சொல்வார்கள், மாட்டினால் கடிக்கும். ஆளையே கடைக்கு அழைத்துப்போய், அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? நல்ல காட்டன் சாக்ஸ் ஆறு ஜோடி. கேட்க சப்பையாக இருக்கும். மழை நாளில் நனைந்த சாக்ஸோடு எட்டு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சாப்பாடு விஷயத்தில் அக்கா ரொம்பத் தெளிவு. சூடு நிற்கிற டிபன் பாக்ஸ், அதோடு ஒரு ஸ்பூன். 'ஸ்பூனா?' என்றேன். நாள் பூரா கிளவுஸும் சானிடைசருமாக இருக்கிற கை. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையால் தயிர்சாதம் பிசைய மனசு வராதாம். மூடி டைட்டாக இருக்க வேண்டும். முதல் வாய் எடுக்கும்போதுதான் கேஸ் வரும். மூடி தூக்கிப்போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பி வரும்போது சாம்பார் சீட்டில் இருக்கக் கூடாது.

பெண்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. பசங்களா, நெளியாமல் கேளுங்கள். ராத்திரி டியூட்டியில் எந்த ஊரில் எந்தப் பாத்ரூம் திறந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன ஜிப் பை. உள்ளே நாப்கின், பேப்பர் சோப்பு, டிஷ்யூ, ஒரு செட் உள்ளாடை வைக்க இடம், சுருட்டி வைத்த ஒரு சுடிதார். ரத்தமோ வாந்தியோ மேலே பட்டுவிட்டால் மீதி ஷிஃப்ட்டை அப்படியே ஓட்ட முடியாதே! இந்தப் பையை செட்டில் இருக்கிற பொண்ணுங்க பொறுப்பில் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மாவே தைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கின எல்லாவற்றையும்விட அக்கா அதைத்தான் இரண்டு முறை பிரித்துப் பார்த்தார்.

வேண்டாதவை லிஸ்ட்டும் உண்டு. மிலிட்டரி ஸ்டைல் கத்தி, இடுப்பில் மாட்டுகிற பத்துப் பை பெல்ட் எல்லாம் ஹாலிவுட் சமாச்சாரம், யூனிஃபார்மோடு ஒத்துவராது. மாத்திரை, மருந்து, ஊசி எதுவும் வாங்கித் தராதீர்கள். சொந்தப் பையிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்தால் அவர்கள் வேலைக்கே உலை. 'உயிர் காக்கும் தேவதை' என்று எழுதிய ஷீல்டும் வேண்டாமே. முதல் மாதத்திலேயே ஒருத்தரைக் காப்பாற்ற முடியாமல் போகும், அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த ஷீல்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ட்ரீட்டில் உட்கார்ந்துகொண்டு 'ரத்தம் பார்த்தியா? செத்தவங்களைப் பார்த்தியா? சொல்லு சொல்லு' என்று நோண்டுவதையும் இந்த லிஸ்ட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளி பேரை, ஊரை அவர்கள் வெளியே சொல்லக்கூடாது. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆம்புலன்ஸுக்குள் செல்ஃபி கேட்கவும் கூடாது. அவர்களாகப் பேச வந்தால் மட்டும் கேளுங்கள். நைட் ஷிஃப்ட் முடிகிற காலை எட்டு மணி ஸ்லாட்டில், செட்டில் ஒருத்தராவது போனை எடுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. நமக்குத்தான் ஃபர்ஸ்ட் ஹவர் கட் அடிக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே!

இனி கணக்கு. எங்கள் கசின்ஸ் கேங்கில் ஒன்பது பேர், தலைக்கு 250. மொத்தம் 2,250 ரூபாய். வாட்ச், இரண்டு கத்தரிக்கோல், பென் டார்ச், ஹெட் லேம்ப், மார்க்கர் எல்லாம் அதற்குள் அடங்கியது. கத்தரிக்கோலும் பென் டார்ச்சும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்களில், அதன் பக்கத்து சர்ஜிக்கல்ஸ் கடைகளில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். நாங்கள் விழுப்புரம் போனோம். ஆன்லைனிலும் கிடைக்கும், ஆனால் கத்தரிக்கோலை ஒரு பழைய ஜீன்ஸில் வெட்டிப் பார்க்காமல் வாங்குவது ரிஸ்க். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, துண்டு ஜீன்ஸை நீங்களே எடுத்துப் போங்கள்.

எப்போது கொடுப்பது? பயிற்சி முடிந்து, போஸ்டிங் போவதற்கு முந்தின வாரம் சரியான நேரம். அதைத் தவறவிட்டால் ஏப்ரல் 2 இருக்கிறது, 108-ல் மருத்துவ உதவியாளர்கள் தினமாக அதைக் கொண்டாடுகிறார்கள். டியூட்டி நேரத்தில் கேக்கோடு போய் வண்டி முன்னால் நிற்காதீர்கள், மெழுகுவத்தி ஏற்றும்போது கேஸ் வந்துவிடும்.

ஆங்... மறந்தே போச்சே, பைலட்! வாங்கின சாமானையெல்லாம் காட்டினபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "அண்ணாவுக்கு ஒண்ணும் இல்லையா?" ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்குகிறவர் அவர்தான். அவருக்கும் அதே 12 மணி நேரம், அதே ஆறிப்போன சாம்பார். டிபன் பாக்ஸ் வாங்கும்போது இரண்டாகவே வாங்கிவிடுங்கள். ஸ்பூனும் ரெண்டு.